அட்டையில் கறை இல்லை

லிஃப்ட் ஆய்வாளர் ஒருவரைப் பற்றிச் சொல்வதென்றால் லிஃப்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவரைக் கேட்டால் தன் காரிலிருந்து தொடங்கச் சொல்வார். அதனால்தான் அவரைக் கேட்கவில்லை.

ஊரிலுள்ள கட்டடங்களின் லிஃப்டுகளை வருடத்துக்கு ஒரு முறை சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் உத்தியோகம். கொடுப்பதைவிட மறுப்பதில்தான் அவருக்கு ருசி. கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் சிவப்பு எழுத்தில் அச்சடித்த நோட்டீஸ் கட்டு. கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தால் நோட்டீஸ். கதவு அரை நொடி தாமதமாக மூடினால் நோட்டீஸ். அலுவலகத்தில் அவருக்கு நோட்டீஸ்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், தெரிந்து உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போயிருந்தார்.

ஒருமுறை ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைப் பூட்டிவிட்டு வந்தார். மேல்தளத்து இயந்திர அறையில், கட்டுப்பாட்டுப் பெட்டியில், மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு வருடமாகவே எரிகிறது, ஒன்றும் ஆகவில்லை என்று கட்டடத்துச் செயலாளர் சொல்லிப் பார்த்தார். ஆறாவது மாடியில் முழங்கால் தேய்ந்த தையல்காரர் ஒருவர் குடியிருந்தார். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்து கெஞ்சினார். நோட்டீஸ்காரர் அசையவில்லை.

“விளக்கு எரியுதுன்னா உள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம். சும்மா எரியுதா, நிஜமா எரியுதான்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது” என்றார்.

சொன்னது சரிதான். அதில் ஒரு சொட்டுத் தப்புக் கிடையாது. இந்த மனிதரிடம் எரிச்சல் ஊட்டுகிற விஷயமே அதுதான். ஒன்றும் தெரியாதவர் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். இவருக்கு எல்லாம் தெரியும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு கயிறே அந்த எடையைத் தாங்கும் என்றால் லிஃப்டுக்கு எதற்கு ஐந்தாறு கயிறு என்று கேட்டாள். ஒரே கயிற்றை நம்பி ஆளை ஏற்றக் கூடாது என்று பதில் சொன்னார். சொன்னது அவருக்கே பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியும் அந்த வாக்கியத்தைக் கேட்காமல் கை கழுவியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டதும் ஆளே மாறிவிடுவார். பழைய பனியன் ஒன்றை மாட்டிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போவார். அங்கே அந்தக் கார் நிற்கும்.

பதினெட்டு வயதான ஜெர்மன் கார். கருநீலம். ஆறு சிலிண்டர். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்தரை நொடி என்று அதன் புத்தகத்தில் போட்டிருந்தது. புதிதாக வாங்கியவர் அலுத்துப்போய்த் தள்ளிவிட்டார். இரண்டாமவர் பயந்துபோய்த் தள்ளிவிட்டார். மூன்றாமவர் நொந்துபோய்த் தள்ளிவிட்டார். ஒன்பது வருடத்துக்கு முன்பு நாலாவது கையாக நோட்டீஸ்காரரிடம் வந்து சேர்ந்தது. மூன்று பேர் கைகழுவிய பொருள் ஏன் இவ்வளவு சல்லிசாகக் கிடைக்கிறது என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு அவரிடம் இல்லை. மற்றவர்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றார்.

ஓடும்போது அது நன்றாகத்தான் ஓடும். அதை மறுக்க முடியாது. காலை லேசாக அழுத்தினால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். வளைவில் திருப்பினால் நினைத்த இடத்தில் நினைத்த மாதிரி போய் நிற்கும். எஞ்சின் சுற்று ஏற ஏற அதன் குரல் மாறும். அந்தச் சில நிமிடங்களில் தனக்கு ஐம்பத்திரண்டு வயது என்பதும், தலை முன்பக்கம் வழுக்கை என்பதும், தனக்குப் பின்னால் வந்தவன் தனக்கு மேலதிகாரியாக உட்கார்ந்திருக்கிறான் என்பதும் அவருக்கு மறந்தே போகும். அந்தச் சில நிமிடங்களுக்காக மீதி மாதம் முழுக்க அவர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

கூரைத் துணி பசை விட்டுத் தலையில் தொங்கியது. அறிவிப்புப் பலகையில் குத்துகிற ஊசிகளை அலுவலகத்திலிருந்து எடுத்து வந்து குத்தி நிறுத்தினார். பின்பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது என்பதால் அதன் பொத்தான்மேல் டேப் ஒட்டினார். விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வெடித்தது. அது வெளிநாட்டிலிருந்து வந்து சேர மூன்று வாரம். வந்த பிறகு அதை மாட்ட வண்டியின் முகத்தையே கழற்ற வேண்டும், கழற்ற நட்சத்திர வாய் வைத்த ஒரு தனிக் கருவி வேண்டும், அந்தக் கருவி ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. டிக்கியின் பூட்டு மோட்டார் செத்து, டிக்கி திறக்காமலே எட்டு மாதம் ஆகியிருந்தது. வண்டி நடுவழியில் நின்றால் சாலையில் வைக்கிற சிவப்பு முக்கோணத்துக்கென்று அந்த டிக்கி மூடியின் உள்பக்கத்தில் அழகாக ஓர் இடம் செய்து வைத்திருந்தார்கள். அந்த அழகை விருந்தாளிகளுக்குத் திறந்து காட்ட முடியவில்லையே என்றுதான் நோட்டீஸ்காரர் வருத்தப்பட்டார். முக்கோணத்தை வெளியே எடுக்க முடியாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

முகப்பில் எந்நேரமும் நாலைந்து விளக்கு எரிந்துகொண்டிருக்கும். லிஃப்டில் ஒரு விளக்கு எரிந்தால் ஆறு மாடி ஆட்களை நடக்க வைக்கிற மனிதர், காரில் எரிந்த எல்லா விளக்குக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். சென்சார் பொய் சொல்கிறது.

மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். தேதி தாண்டிய பொருளைப் பார்த்த மாத்திரத்தில் தனியே எடுத்துத் தூக்கிப் போடுவது அவள் தொழில். அவளுக்கு இந்தக் காரைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவள் சண்டை போட்டு ஓய்ந்து பல வருடம் ஆயிற்று. ஷெட்டுக்குச் சின்ன வீடு என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு ஆனதும், சின்ன வீட்டிலிருந்து அவரைக் கூப்பிடு என்று மகளிடம் சொல்வாள்.

மகள்தான் அந்த வீட்டில் காருக்கும் அவருக்கும் இருந்த ஒரே ஆதரவு. கார் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. முன் இருக்கையில் கால் மடித்து உட்கார்ந்து, காரோடு வந்த தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, விளக்குகளின் படங்களை எல்லாம் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் உடனே நிறுத்து என்று அவருக்கே ஒப்பித்தாள். மனைவி எவ்வளவு திட்டினாலும் நோட்டீஸ்காரருக்கு உறைக்காது. ஊரே சிரித்தாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். ஆனால் மகள் ஒரு நாள் உதட்டைப் பிதுக்கிவிட்டால் அந்த மனிதரால் தாங்க முடியாது. அவள் பிதுக்கியதில்லை. இருபத்திரண்டு வயதிலும் அவள் முன் இருக்கையில் வந்து உட்காருவாள் என்கிற ஒன்றில்தான் அவருடைய ஒன்பது வருடத்து நியாயமும் நின்றுகொண்டிருந்தது.

மனைவியின் தம்பி டைல்ஸ் கடை வைத்திருந்தான். அவனிடம் வெள்ளை நிறத்தில் சின்னதாக ஒரு கார் இருந்தது. தெருவில் ஓடுகிற இரண்டில் ஒன்று அந்த மாதிரிதான், அதே வெள்ளைதான். பதினோரு வருடத்தில் டயரும் பேட்டரியும் தவிர எதையும் மாற்றியதில்லை. நோட்டீஸ்காரர் அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர் வைத்திருந்தார். அதை ஓட்டுவதும் ஃபிரிட்ஜைத் திறந்து மூடுவதும் ஒன்று, அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு வார்த்தை இருக்கிறதா என்று அவன் முகத்துக்கு நேரே கேட்பார். அவன் சிரிப்பான். இல்லை அத்தான், ஓடுகிறது, அவ்வளவுதான் என்பான்.

போன வருடம் இரண்டு நீண்ட பயணம் போய் வந்தார்கள். ஒன்று உறவில் ஒரு கல்யாணம். இன்னொன்று மகளின் பட்டமளிப்பு. இரண்டு தடவையும் கார் முணுமுணுக்காமல் போய்த் திரும்பியது. இரண்டு தடவையும் மைத்துனன் அதே ஊருக்கு ஏதோ வேலையாக வந்திருந்தான், இரண்டு தடவையும் பத்து நிமிடம் பிந்தித்தான் வந்து சேர்ந்தான். சோப்பு டப்பாவின் லட்சணத்தைப் பாருங்கள் என்று கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் அவனை நிறுத்திவைத்துச் சிரித்தார் நோட்டீஸ்காரர். பழைய ஜெர்மன் கார் வைத்திருப்பவர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு உண்டு. ஒருவர் வண்டி நடுரோட்டில் நின்றால் படம் பிடித்துப் போடுவார், மற்றவர்கள் ஆறுதல் சொல்வது போலத் தங்கள் வண்டி நின்ற கதையைப் பீற்றிக்கொள்வார்கள். அந்தக் குழுவில், இரண்டு நெடும் பயணம், ஒரு கோளாறு இல்லை என்று இவர் எழுதினார். ஒரு வாரம் வரை பாராட்டு வந்துகொண்டிருந்தது.

இனி எண்ணெய் விவகாரம். இந்தக் காரில் எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்க்கக் குச்சி கிடையாது. ஓட்டுகிறவன் கையில் கறை படக் கூடாது, கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்று செய்தவர்கள் நினைத்தார்கள். சொல்ல வேண்டிய சென்சார் இரண்டு வருடத்துக்கு முன்பே கெட்டுப்போய், எண்ணெய் குறைவு என்கிற மஞ்சள் விளக்கு எப்போதும் எரிந்தது. ஊரில் இந்த வண்டியைத் தொடுகிற ஒரே மெக்கானிக், சென்சாரை மாற்றிவிடலாம் என்றார். பொய் சொல்கிற ஒன்றைக் கழற்றிப் பொய் சொல்லப்போகிற இன்னொன்றை மாட்டுவதா என்று நோட்டீஸ்காரர் மறுத்துவிட்டு, தானே ஒரு வழி கண்டுபிடித்தார். வாஷிங் மெஷின் வந்த பெட்டியின் அட்டையைக் காருக்கு அடியில் விரித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை உருவி, ஒழுகிய எண்ணெயின் கறையை அளப்பார். லிஃப்ட் கதவு இடைவெளியை அளக்கிற அதே அளவுகோல். கறை நாலு விரல் அகலம் என்றால் அரை லிட்டர் ஊற்ற வேண்டும், உள்ளங்கை அகலம் என்றால் ஒரு லிட்டர். பிறகு புது அட்டை விரிப்பார். இதை அவர் மெக்கானிக்கிடம் பெருமையாக விளக்கினார். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “ஜோசியம் பாக்குறீங்களா சார்?” என்றார்.

குழுவில் யாரோ சொன்னார்கள் என்று கசிவை அடைக்கிற திரவம் ஒன்றை வாங்கி எஞ்சினில் ஊற்றினார். அன்றிலிருந்து கறை சுருங்கத் தொடங்கியது. உள்ளங்கை நாலு விரலாகி, நாலு விரல் ஒரு விரலாகி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. நோட்டீஸ்காரர் அந்த அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். கறை இல்லை என்பதால் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. காலையில் வண்டியைக் கிளப்பினால் பின்னால் நீலமாகப் புகை வருகிறது, துணி காயப்போட முடியவில்லை என்று மனைவி சொன்னாள். குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்.

இந்த நேரத்தில்தான் மகளின் தேர்வு வந்தது. நில வரைபடத் துறையில் வேலைக்கான தேர்வு. மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். இரண்டு வருடமாக அதற்கென்றே படித்துக்கொண்டிருந்தாள். அவள் அறைச் சுவர் முழுக்க மலையும் ஆறும் கோடு கோடாக வரைந்த தாள்கள். தேர்வு மையம் காரில் இரண்டரை மணி நேரத் தூரம். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள். முதல் ரயில் ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேரும்.

முந்தின நாளே போய்த் தங்கிவிடலாம் என்றாள் மனைவி. நம் கார் இருக்கும்போது எதற்கு என்றார் நோட்டீஸ்காரர். அப்படியானால் தம்பி கூட்டிக்கொண்டு போகட்டும் என்றாள். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் போனதையும் பட்டமளிப்புக்குப் போனதையும் அட்டை சுத்தமாக இருப்பதையும் மறுபடியும் வரிசையாகச் சொன்னார். மனைவி அவரைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்தாள்.

“நான் அப்பாகூடவே போறேன்மா” என்றாள் மகள்.

நோட்டீஸ்காரருக்குத் தலை கால் புரியவில்லை. ஜெயித்துவிட்டார். மனைவியின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஆசையோடு பார்த்தார். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போனாள். மகள் கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் மெதுவான குரலில் யாரோடோ கொஞ்ச நேரம் பேசினாள். கூடப் படிக்கிற பெண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

விடிகிற நேரத்தில், ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். சாவியை ஒரு தடவை திருகியதுமே எஞ்சின் எழுந்தது. பார்த்தாயா என்பது போல மகளைப் பார்த்தார். அவள் பென்சிலும் அளவுகோலும் போட்ட கண்ணாடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினாள். ஊரைத் தாண்டி அகலச் சாலைக்கு வந்ததும் நோட்டீஸ்காரர் பாடத்தைத் தொடங்கினார். இந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் எப்படி யோசித்திருப்பார்கள், இந்தக் காலத்து வண்டிகளில் உயிர் ஏன் இல்லை, எல்லாம். அவள் ம் கொட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை பின்னால் ஓடுவதை ரசிக்கிறாள் என்று அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பெட்ரோல் போட நிறுத்தினார்கள். ஓரத்தில் நின்ற லாரிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. எங்கே போனாலும் ஒரு சோப்பு டப்பா என்றார். மகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுபடி சாலைக்கு வந்ததும், வண்டி நன்றாகச் சூடேறிவிட்டது, இனிப் பார் என்று சொல்லிக் காலை அழுத்தினார். முன்னால் போன வண்டிகள் எல்லாம் வரிசையாகப் பின்னுக்குப் போயின.

“கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா” என்றாள் மகள்.

பயப்படுகிறாள் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கார் இதற்காகவே செய்தது என்றார். இருந்தாலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

ஏழேகாலுக்கு, போய்ச் சேர நாற்பது கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது, முகப்பில் எப்போதும் எரிகிற எண்ணெய்க் குவளைப் படம் போட்ட விளக்கு நிறம் மாறியது. மகள் குனிந்து பார்த்தாள்.

“அப்பா, இது மஞ்சளாத்தானே எரியும். இப்ப சிவப்பா இருக்கு.”

“சென்சார்மா.”

“சிவப்புன்னா உடனே நிறுத்தணும்னு புக்ல போட்டிருக்குப்பா.”

“ரெண்டு வருஷமா பொய் சொல்ற சென்சார். அட்டைல ஒரு சொட்டுக் கறை கிடையாது, நானே பாத்தேன்.”

அவள் மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆறு மாடி மனிதர்களுக்குச் சொன்ன வாக்கியம் அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு ஞாபகம் வந்ததா என்றால், வரவில்லை. இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினார். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. தட்டல் வேகமானது. பிறகு ஒரு பெரிய அடி, அதோடு எல்லாச் சத்தமும் நின்றுபோய், காற்று மட்டும் கேட்டது. வண்டி அதன் வேகத்திலேயே உருண்டு சாலையோரத்தில் போய் நின்றது. தீய்ந்த வாடை அடித்தது.

ஒன்றும் இல்லை, பத்து நிமிடம் ஆறட்டும் என்றார். அதன் பிறகு சாவியைத் திருகிப் பார்த்தார். டக் என்று ஒரு சத்தம். மறுபடி திருகினார். மறுபடி டக். லாரிகள் உரசுகிற மாதிரி கடந்து போயின. முக்கோணத்தை வைக்கலாம் என்று இறங்கிப் போய் டிக்கியை இழுத்தார். குத்தினார். முழங்காலால் இடித்தார். உள்ளே அதன் அழகான இடத்தில் அந்த முக்கோணம் பத்திரமாக இருந்தது.

அப்போது ஒரு வெள்ளைக் கார் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே வந்து பின்னால் நின்றது. மைத்துனன் இறங்கினான். தன் டிக்கியைத் திறந்து தன் முக்கோணத்தை எடுத்து, முப்பது அடி பின்னால் நடந்து போய்ச் சாலையோரத்தில் வைத்துவிட்டு வந்தான். சாதாரண முக்கோணம்தான், மடக்கி விரிக்கிற மலிவான சாமான்.

இவ்வளவு நடந்தும் நம் ஆளுக்குப் புரியவில்லை. இங்கே எங்கே வந்தாய், இங்கேயும் டைல்ஸ் வாங்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார். மைத்துனன் அக்கா மகளைப் பார்த்தான்.

“நான்தான்பா வரச் சொன்னேன்” என்றாள் அவள். கதவைத் திறந்து இறங்கிக் கண்ணாடிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ஒரே கயித்த நம்பி ஆள ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததைத் திருப்பிச் சொல்கிற குரல். அவள் கத்தியிருந்தால் அவருக்குத் திருப்பிக் கத்துவதற்காவது வழி இருந்திருக்கும். அத்தான் நீங்களும் வருகிறீர்களா என்று மைத்துனன் மரியாதையாகவே கேட்டான். வண்டியை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். மைத்துனன் ஒரு தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தான். முக்கோணம் இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றான். இரண்டு பேரும் போய்விட்டார்கள். மகள் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். சோப்பு டப்பா எந்தச் சத்தமும் போடாமல் போனது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார். சத்தம் எப்படி வந்தது, சாவியைத் திருகினால் என்ன ஆகிறது என்று கேட்டுவிட்டு, கடைசியாக எப்போது எண்ணெய் ஊற்றினீர்கள் என்றார் மெக்கானிக். ஒன்றரை மாதம் இருக்கும், அட்டையில்தான் கறையே இல்லையே என்றார் இவர்.

“ஒழுகறதுக்கு உள்ள இருந்தாத்தானே சார் ஒழுகும்?” என்றார் மெக்கானிக்.

இழுவை வண்டி வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அடுத்தவன் முக்கோணத்தின் தயவில் சாலையோரத்தில் நின்றார் நோட்டீஸ்காரர். நிற்கும்போது யோசித்திருக்கலாம். விளக்கு எரிந்தும் ஓட்டியது, அளக்க வேண்டியதை அளக்காதது, தப்பான இடத்தில் அளந்தது, திறக்காத டிக்கியோடு ஆளை ஏற்றியது என்று அவருடைய கணக்குப்படியே நாலு நோட்டீஸ் கிழித்திருக்கலாம். அதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் அதில் சாலையை ரசிக்கவில்லை. மாமா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் போங்கள் என்றதும் பயத்தால் இல்லை. அந்த வெள்ளை வண்டி பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காக. எட்டரைக்கு, உள்ளே போய்விட்டேன் என்று மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சாலையைப் பார்த்தார்.

இழுவை வண்டிக்காரர் காரைச் சுற்றி வந்து பார்த்து, நேராகப் பழைய இரும்புக்கா என்று கேட்டார். எஞ்சின் மட்டும்தான் போயிருக்கிறது, பாடி அருமையாக இருக்கிறது என்று நோட்டீஸ்காரர் கோபமாகச் சொன்னார். சொன்னபோது கூரைத் துணியிலிருந்து ஊசி ஒன்று கழன்று அவர் சட்டைக் காலருக்குள் விழுந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். நன்றாக எழுதியிருப்பதாகவும், வரைபடக் கேள்வி எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்ததாகவும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போலத் தட்டு வைத்துப் பரிமாறினாள். ஒன்பது வருடமாக அவள் காத்திருந்த நாள் அது, வந்த பிறகு அவளுக்கு அதில் ஆர்வமே இல்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று முதல் முறையாக அவருக்குத் தோன்றியது.

சாப்பிட்ட பிறகு மகள் பால்கனியில் நின்றாள். அவரும் போய்ப் பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மாமாவை வரச் சொன்னது எப்போது தோன்றியது என்று கேட்டார். நேற்று ராத்திரி என்று சொல்வாள் என எதிர்பார்த்தார்.

“இது மூணாவது தடவைப்பா” என்றாள்.

கல்யாணம். பட்டமளிப்பு. பத்து நிமிடம் பிந்தி வந்தவனை நாலு பேர் நடுவில் நிறுத்திவைத்துச் சிரித்தது. இரண்டு நெடும் பயணம், ஒரு கோளாறு இல்லை என்று எழுதியது. எல்லாவற்றுக்கும் பின்னால் பத்து நிமிட தூரத்தில் அந்தச் சோப்பு டப்பா வந்துகொண்டே இருந்திருக்கிறது. அவன் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. நோட்டீஸ்காரருக்குக் காது இரண்டும் சுட்டது.

“அப்புறம் எதுக்கும்மா என்கூட வந்தே? நேரா அவன்கூடவே போயிருக்கலாமே.”

நேராகக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாத பெண் அவள்.

“நீங்க அவ்வளவு ஆசையா இருந்தீங்களேப்பா” என்றாள்.

ஒன்பது வருடமாக நம்பிக்கை என்று நினைத்து வைத்திருந்தது இரக்கம். குழந்தை மணலில் சமைத்துக் கொடுத்ததைச் சாப்பிடுகிற மாதிரி பாவனை செய்வார்களே, அது. முதல் வருடத்திலாவது நிஜமாக இருந்திருக்குமா என்று கேட்க நினைத்தார். பதில் தெரிந்துவிடுமோ என்று கேட்காமல் உள்ளே போனார்.

இதோடு மனிதர் திருந்தினார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. அவ்வளவு பெரிய மனசு அவருக்கு இல்லை. நாலாவது நாளே குழுவில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எங்கோ இடித்து நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின் இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்தது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். சென்சாரையும் கேட்காமலே மாற்றிவிட்டார். டிக்கி இன்னும் திறக்கவில்லை. மகளுக்குத் தேர்வில் இடம் கிடைத்திருந்தது, அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். மைத்துனனின் முக்கோணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அதை அவரே வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டான் அவன்.

வண்டி தயாரான ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டீஸ்காரர் அதைக் கழுவி வாசலில் நிறுத்தினார். மேலே பார்த்து, அணைக்கட்டு வரை ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று மகளைக் கேட்டார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

“போலாம்பா, வர்றேன்” என்றாள்.

சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனியின் அந்தக் கோடிக்குப் போனாள். மெதுவான குரலில் பேசினாள். யாரோடு பேசுகிறாள் என்று இந்தத் தடவை அவருக்குத் தெரியும். நோட்டீஸ்காரர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைக்கத் தொடங்கினார். அவள் பேசி முடித்து இறங்கி வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகும் உடனே கிளம்பவில்லை. மைத்துனன் வீட்டிலிருந்து வந்து சேரப் பத்து நிமிடம் ஆகும்.